நகைக்கடை மூடியாச்சு: சீட்டுக் கட்டிய அம்மா, சரக்குக் கொடுத்த மச்சான், பற்றவைக்கக் கொடுத்த சங்கிலி

கேள்வி இதுதான். காரைக்குடியில் அண்ணன் தம்பி இருவர் கூட்டாக நடத்திய நகைக்கடை மூன்று வாரமாகப் பூட்டிக் கிடக்கிறது. கேட்டவருடைய அம்மா அங்கே மாதம் 5,000 ரூபாய் வீதம் பதினொரு மாத நகைச் சீட்டில் ஒன்பது மாதம் கட்டியிருக்கிறார். அக்கா, அறுந்துபோன சங்கிலியைப் பற்றவைக்கக் கொடுத்திருக்கிறார். அக்கா வீட்டுக்காரர் நகைப் பெட்டியும் துணிப்பையும் செய்து அந்தக் கடைக்குக் கொடுப்பவர். அவருக்கு வரவேண்டிய பாக்கி 3,80,000 ரூபாய், கையில் இரண்டு செக். இப்போது அவருக்கு மட்டும் மஞ்சள் நோட்டீஸ் வந்திருக்கிறது. கடைக்காரர் தரப்பில் ஒருவர் போன் செய்து, "நூற்றுக்கு நாற்பது தருகிறோம், கையெழுத்துப் போட்டுவிடுங்கள்" என்கிறார். "எல்லாம் போச்சா அண்ணே?"

எல்லாம் போகவில்லை. ஒரே வீட்டில் மூன்று பேர், ஒரே கடை. ஆனால் சட்டத்தின் கண்ணில் மூன்று பேரும் வேறு வேறு ஆட்கள். அதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லோரும் சேர்ந்து கடை வாசலில் போய் நிற்பதால்தான் பாதிப் பேர் நேரத்தைக் கோட்டைவிடுகிறார்கள்.

முதலில் அக்காவின் சங்கிலி. இந்த மூன்றில் முழுதாகத் திரும்பக்கூடியது அது ஒன்றுதான். பற்றவைக்கக் கொடுத்த நகை கடைக்காரருக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. அவர் வெறும் கைப்பொறுப்பாளர். அவர் திவாலானால் அவருடைய சொத்துதான் கடன்காரர்களுக்கு, அதாவது அவருக்குக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்காகும், உங்கள் சங்கிலி பங்குக்குப் போகாது. அடகுக் கடை மூழ்கினாலும் இதேதான்: வாங்கிய கடனையும் வட்டியையும் கட்டி நகையை மீட்கும் உரிமை உங்களிடமே இருக்கும்.

ஆனால் இரண்டு இடத்தில் சறுக்கும். பழைய தங்கமாகப் போட்டு, எடையை வரவு வைத்து, "அப்புறம் புது நகை எடுத்துக்கொள்கிறேன்" என்று வந்திருந்தால் அது விற்ற கணக்கு. சங்கிலி போய், அந்த இடத்தில் ஒரு கடன் பாக்கி மட்டும் நிற்கும். அக்காவிடம் இருப்பது ரிப்பேர் சீட்டா, பழைய நகை கொள்முதல் பில்லா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இரண்டாவது, நம்மூருக்குப் பொருந்தும் 1920-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. உரிமையாளர் சம்மதத்தோடு வியாபாரியின் கையில் இருக்கும் சரக்கு, பார்ப்பவர்களுக்கு அவருடையது என்றே தோன்றும்படி இருந்தால், அதை அவர் சொத்தாகவே எண்ணிக்கொள்ளலாம் என்கிறது அது. ரிப்பேருக்கு வந்த நகை அப்படிப்பட்டதில்லை என்று வாதாடலாம், ஜெயிக்கவும் செய்யலாம். ஆனால் சும்மா இருந்துவிட்டுப் பிறகு வாதாடுவதைவிட, ரசீது நகலோடு கடைக்காரர், அவருடைய வக்கீல் இருவருக்கும் இப்போதே பதிவுத் தபாலில் "இது என் நகை" என்று எழுதிவிடுவது நல்லது. திவாலானவர் சொத்தைக் கையில் எடுத்துப் பங்கு பிரிக்கும் ரிசீவரை கோர்ட் நியமித்தால் அவருக்கும் ஒரு பிரதி.

சரி, மஞ்சள் நோட்டீஸ். ஊரில் "ஐ.பி. கொடுத்துட்டான்" என்று சொன்னதுமே காரியம் முடிந்த மாதிரி ஆகிவிடுகிறது. ஐ.பி. என்பது இன்சால்வென்சி பெட்டிஷன். பெட்டிஷன் என்றால் மனு, அவ்வளவுதான். "என்னால் கடனைக் கட்ட முடியவில்லை, என்னைத் திவாலானவனாக அறிவியுங்கள்" என்று ஒருவர் கோர்ட்டில் கேட்டிருக்கிறார். கோர்ட் இன்னும் சரி என்று சொல்லவில்லை. கேட்டதாலேயே கடன் அழிவதில்லை. நோட்டீஸில் போட்டிருக்கும் வாய்தா தேதிக்குப் போய், வக்கீல் வைத்து, எதிர்மனு போட உங்கள் மச்சானுக்கு முழு உரிமை இருக்கிறது. போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் கடைக்காரர் சொல்வதுதான் கோர்ட் காதில் விழும். நோட்டீஸ் வந்தவர்களில் பெரும்பாலோர் போவதில்லை. அதைத்தான் எதிர்த் தரப்பும் நம்பியிருக்கும்.

இந்த இடத்தில் பலருக்கு ஒரு குழப்பம். 2016-இல் புதுத் திவால் சட்டம் வந்துவிட்டதே, என்.சி.எல்.டி. என்று சென்னையில் தீர்ப்பாயம் இருக்கிறதே என்று கேட்பார்கள். அது கம்பெனிகளுக்கும் எல்.எல்.பி. என்ற, பங்காளிகளின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனங்களுக்கும். தனி ஆளுக்கும் கூட்டு வியாபாரத்துக்கும் அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கும் பகுதி, கம்பெனிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மற்றவர்களுக்கு, நம்மூர்ப் பக்கத்தில் இன்றும் பழைய 1920-ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டமே. ஜில்லா கோர்ட்டிலோ, அதிகாரம் கொடுக்கப்பட்ட சப் கோர்ட்டிலோ நடக்கும். இதில் கடன் 500 ரூபாய் இருந்தாலே மனுப் போடலாம். கம்பெனி மீது என்.சி.எல்.டி.க்குப் போகவோ 2020 மார்ச் 24-லிருந்து குறைந்தது ஒரு கோடி பாக்கி வேண்டும். ஒரே நாடு, ஒரே வியாதி, ஒரு ஆஸ்பத்திரி வாசலில் 500 ரூபாய், இன்னொன்றில் ஒரு கோடி!

பழைய சட்டத்தைக் கிழடு என்று தள்ளிவிட வேண்டாம், அதில் பல் இருக்கிறது. கடைக்காரர் திவாலானவர் என்று கோர்ட் அறிவித்தால் அவர் சொத்து முழுவதும் ரிசீவர் கைக்குப் போகும். மனுவுக்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் அவர் பொண்டாட்டி பேரிலோ மச்சினன் பேரிலோ சும்மா எழுதிவைத்த சொத்தை ரிசீவர் ரத்து செய்யச் சொல்லலாம். மூன்று மாதத்துக்குள் ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகை காட்டிக் கட்டியிருந்தால் அதையும் திரும்ப வாங்கலாம். ஆகவே உங்கள் மச்சான் வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. அந்த அண்ணன் தம்பி இருவர் பேரிலும் இருக்கும் வீடு, மனை, தோப்புக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆறு மாதத்துக்கு முன் ஒரு தான செட்டில்மென்ட் பத்திரம் பதிவாகியிருந்தால், எதிர்மனுவில் எழுத அதைவிடப் பலமான வரி கிடையாது. பேங்க் அடமானம் இருக்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். இருந்தால் அந்த அளவுக்கு நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள், பேங்க் தன் அடமானத்தை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் விடும். கடைக்குள் கண்ணாடிப் பெட்டியில் மின்னும் சரக்குகூட பெரும்பாலும் பேங்க் பிடியில் இருக்கும்.

கூட்டு வியாபாரம் என்பது இங்கே உங்களுக்குச் சாதகம். கம்பெனி மூழ்கினால் முதலாளியின் வீடு பொதுவாகத் தப்பிவிடும். கூட்டு வியாபாரத்தில் அப்படியில்லை, கடையின் கடனுக்கு இரண்டு பேரும் தனித்தனியாகவும் சேர்ந்தும் முழுப் பொறுப்பு. தம்பி "நான் தூங்கும் பங்காளி, அண்ணன்தான் பார்த்தார்" என்று சொன்னாலும் செல்லாது. ஒருவர் மட்டும் ஐ.பி. கொடுத்திருக்கிறாரா, இருவருமா என்று மனுவில் பாருங்கள். ஒருவர்தான் என்றால் மற்றவர் மீது தாராளமாக வழக்குப் போடலாம்.

இப்போது அம்மா. அவருக்கு ஏன் நோட்டீஸ் வரவில்லை? மனுப் போடுபவர் தன் கடன்காரர்கள் எல்லோரையும் பட்டியலில் காட்டவேண்டும். சீட்டுக் கட்டிய ஐந்நூறு பெண்களைக் காட்டினால் விஷயம் வேறு மாதிரி ஆகும் என்று பயந்து, சரக்குக் கொடுத்த நாலு பேரை மட்டும் காட்டியிருக்கலாம். மச்சானுக்கு வந்த நோட்டீஸில் மனு எண் இருக்கும். அதை வைத்து கோர்ட்டில் நகல் வாங்கிப் பட்டியலைப் பாருங்கள். அம்மா பெயர் இல்லையென்றால் அவரும் தன் பாக்கியைப் பிரமாணப் பத்திரத்தோடு பதிவு செய்யலாம்.

ஆனால் அம்மாவுக்கு நான் சொல்லும் முதல் வழி அதுவல்ல, போலீஸின் பொருளாதாரக் குற்றப் பிரிவு. தவணையாகப் பணம் வாங்கி, ஒரு காலம் கழித்துப் பணமாகவோ பொருளாகவோ திருப்பித் தருவதாகச் சொல்வதை எல்லாம் டெபாசிட் என்று பிடிக்கிறது தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம், 1997. தனி ஆள், கூட்டு வியாபாரம், கம்பெனி என்ற பேதம் அதில் இல்லை. புகார் பதிவானால் அரசு ஆணை போட்டுச் சொத்தை முடக்கும், அதை விற்றுப் பங்கு பிரிக்கத் தனி நீதிமன்றம் இருக்கிறது. நம் பக்கத்துக்கு மதுரை. இந்தச் சட்டம் செல்லும் என்று 2011-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஜெயில் பயம் வந்தால் ஒளித்துவைத்த பணம் கொஞ்சம் வெளியே வரும் என்பதும் ஒரு நடைமுறை உண்மை. அம்மா ஒருவராகப் போகாமல், தெருவில் கட்டியவர்கள் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். அவரவர் புகார் அவரவர் பெயரில் இருக்கட்டும்.

நுகர்வோர் ஆணையம்? போகலாம். 5 லட்சம் வரை கட்டணமில்லை, இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். ஆனால் மூழ்கிய கடை மீது வாங்கும் உத்தரவு கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டத்தான் ஆகும். கடை திறந்திருந்து ஏமாற்றினால் அது சரியான இடம், பூட்டிய கடைக்கு அது என் முதல் தேர்வு இல்லை.

எவ்வளவு வரும், எப்போது வரும் என்று கேட்பீர்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஃபைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாகச் சாய்ந்தபோது எங்கள் அப்பத்தா ஒன்றில் பணம் போட்டு மாட்டினார். அந்த அலையில்தான் மேலே சொன்ன சட்டமே வந்தது. பல வருடம் கழித்து வந்த பங்கு, போட்டதில் மூன்றில் ஒன்றுகூட இல்லை. அதுவும் அப்பத்தா ரசீதை மூக்குத்திப் பெட்டியில் மடித்து வைத்திருந்ததால் வந்தது. பக்கத்து வீட்டு ஆச்சி "இனி எங்கே வரப்போகுது" என்று கிழித்துப் போட்டுவிட்டார், அவருக்கு அதுவும் இல்லை. அம்மாவிடம் 45,000 முழுதாக வரும் என்று ஆசை காட்டாதீர்கள்.

சொத்து முடக்கினார்கள் என்று பேப்பரில் வந்ததும் பணம் வந்துவிட்ட மாதிரி நினைப்பதும் தப்பு. இந்த ஊருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எங்கள் ஐயா கொண்டுவிற்கப் போனவர், அதாவது கடல் கடந்து தொழிலுக்குப் போனவர், பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாள், முதல் ஆளுக்கு உதவியாள். 1930-இல் நெல் விலை விழுந்து, கடன் வாங்கிய விவசாயிகள் கட்டமுடியாமல் போனபோது, நிலம் நிலமாக நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீதம் அவர்கள் கையில் இருந்தது, 1938-இல் அது 25 சதவீதம். வெளியிலிருந்து பார்த்தவனுக்கு அது ஆதாயம். பெட்டியடியில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும், வாங்க ஆளில்லாத நிலத்தை வைத்துக்கொண்டு ஊரில் தவணை வட்டிக்குப் பணம் போட்டவர்களுக்குப் பதில் சொல்ல முடியாது என்று. 1942-இல் ஜப்பான்காரன் வந்தான், சுதந்திரத்துக்குப் பிறகு பர்மா அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. ஜப்தி செய்த சொத்தின் மதிப்பு ஒரு கணக்கு, அது ஏலத்தில் போகும் விலை இன்னொரு கணக்கு. ஐந்தொகையில் (சொத்து, கடன் கணக்கில்) முதல் கணக்கை எழுதுபவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

இதே பாடத்தை மதராஸ் பட்டணம் 1906 அக்டோபர் 22-ஆம் தேதி படித்தது. வங்கியாகவும் நடந்த வெள்ளைக்கார வணிக நிறுவனமான அர்பத்நாட் கம்பெனி அன்றைக்குக் கதவை மூடியது. பென்ஷன்காரர்கள், விதவைகள் போட்ட பணமெல்லாம் அதற்குள். முதலாளி சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். மறு வருடம் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முன்னின்று இந்தியன் வங்கியைத் தொடங்கியபோது நம் நகரத்தார்கள் பணம் போட்டு இயக்குநர்களாகவும் உட்கார்ந்தார்கள். இன்றைக்குப் பேங்க் டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. நகைக்கடைச் சீட்டுக்கு ஒரு ரூபாய்க்கும் கிடையாது. "செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை" என்று அவர்கள் விட்டுக்கொடுப்பது வட்டிதான், அதாவது மாதாமாதம் அம்மா அந்தக் கடைக்கு ஜாமீன் இல்லாமல் கடன் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது தெரியாது.

இனி மச்சான். செக் இரண்டையும் உடனே பேங்கில் போடச் சொல்லுங்கள். தேதியிலிருந்து மூன்று மாதம்தான் அதற்கு உயிர். திரும்பி வந்தால் 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. ஐ.பி. மனு நிலுவையில் இருப்பது இந்தக் கிரிமினல் வழக்கைத் தானாகத் தடுத்துவிடாது. நோட்டீஸ் நாளைத் தவறவிட்டுவிட்டு என்னிடம் வந்தவர்கள் எத்தனையோ பேர்.

பணத்துக்கான சிவில் வழக்குக்குத் தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் 3 சதவீதம், அதாவது 3,80,000-க்கு 11,400 ரூபாய். முன்பு ஏழரை சதவீதமாக இருந்தது. வழக்கோடு சேர்த்து, தீர்ப்புக்கு முன்பே சொத்தை ஜப்தி செய்யும் மனுவும் போடவேண்டும், வில்லங்கத்தில் சொத்து கைமாறும் அறிகுறி தெரிந்தால் கட்டாயம். திவால் அறிவிப்பு வந்துவிட்டால் அப்புறம் கோர்ட் அனுமதி இல்லாமல் புது வழக்குப் போட முடியாது. ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியாக மூன்று வருடக் காலவரையறையும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவர் பெட்டியைத் தானே செய்து விற்பவர் என்பதால், உத்யம் என்ற சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு சரக்குக் கொடுப்பதற்கு முன்பே இருந்திருந்தால் சிறுதொழில் சட்டமும் கைகொடுக்கும். 45 நாளுக்கு மேல் இழுத்த பாக்கிக்கு ரிசர்வ் பேங்க் விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இது கிடையாது. ஆனால் வட்டி ஏறி என்ன, முதலே வராத இடத்தில்? அவர் கட்டிய ஜி.எஸ்.டி. திரும்பாது, பாக்கி வராததால் வரியைக் குறைத்துக்கொள்ள வழியில்லை. வருமான வரியில் மட்டும் வராக்கடன் என்று புத்தகத்தில் தள்ளிக் கழிக்கலாம், அவர் ஆடிட்டரிடம் சொல்லட்டும். ராத்திரியோடு ராத்திரியாகக் கடைக்குள் புகுந்து நம் பெட்டியை நாமே எடுத்துவந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். விற்ற பெட்டி நம் பெட்டி இல்லை, திருட்டு வழக்கு வரும்.

சரி, நூற்றுக்கு நாற்பது. 1,52,000 ரூபாய். பேங்க் அடமானம் நிறைய இருந்தால் அது மோசமான பேரம் இல்லை என்பதே என் எண்ணம். ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. திவால் அறிவிப்பு வந்தால் அது மனுப் போட்ட தேதியிலிருந்தே அமலுக்கு வந்ததாகக் கணக்கு. அந்தத் தேதிக்குப் பிறகு கடைக்காரர் தன் பணத்திலிருந்து யாருக்காவது கொடுத்தால், வாங்கியவர் மனு விஷயம் தெரியாமல் வாங்கியிருந்தால்தான் தப்பலாம். மச்சான் கையிலோ மஞ்சள் நோட்டீஸே இருக்கிறது! அவர் வாங்கும் பணத்தை நாளைக்கு ரிசீவர் திருப்பிக் கேட்கலாம். அதனால் ஒன்று, ஐ.பி. மனுவை கோர்ட் அனுமதியோடு வாபஸ் வாங்கிவிட்டுக் கொடுக்கட்டும். அல்லது கோர்ட் மூலமாகவே சமரசத் திட்டம் வைக்கட்டும். எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்ட கடன்காரர்களும், தொகையில் முக்கால் பங்கும் ஒத்துக்கொண்டால், நீதிமன்றமும் ஏற்றால், அது எல்லோரையும் கட்டும். இரண்டும் இல்லையென்றால் கடைக்காரருடைய மாமனாரோ வேறு சொந்தக்காரரோ தன் சொந்தக் கணக்கிலிருந்து கொடுக்கட்டும். எப்படியானாலும் "பாக்கி எதுவும் இல்லை" என்ற கையெழுத்து பணம் கணக்கில் ஏறிய பிறகுதான். இன்னொரு செக்கை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடவே கூடாது.

கடையில் வேலை பார்த்த பெண்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவர்களும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள். பி.எஃப். பணம் கட்டப்பட்டிருந்தால் அது பத்திரம். பிடித்தும் கட்டாமல் விட்டிருந்தால் மதுரை பி.எஃப். அலுவலகத்துக்கு எழுதச் சொல்லுங்கள். அம்மாவின் தவணையை எழுதிக்கொடுத்த பெண் யாரென்று தெரிந்தால் சண்டை போடாதீர்கள், கடைப் பேரேட்டில் என்ன எழுதினார்கள் என்று சாட்சி சொல்லப்போவது அவர்தான்.

கடையின் பில்லை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் பிரைவேட் லிமிடெட் என்று இருந்தால் நான் சொன்னதில் பாதி மாறிவிடும். அங்கே தீர்ப்பாயம் மனுவை ஏற்ற நாளிலிருந்து எல்லா வழக்கும் நிற்கும். செக் வழக்கில் கம்பெனி தப்பும், கையெழுத்துப் போட்ட இயக்குநர் தப்பமாட்டார் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பத்திரிகையில் விளம்பரம் வரும், அதில் குறித்த நாளுக்குள் மச்சானும் அம்மாவும் கோரிக்கைப் படிவம் கொடுக்கவேண்டும். கம்பெனியை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் ஓட்டு இருப்பதோ பேங்குக்கும் பணமாகக் கடன் கொடுத்தவர்களுக்கும், பெட்டி செய்துகொடுத்தவருக்கு இல்லை.

கடைசித் தவணை இரண்டையும் கட்டினால்தான் கணக்கு முழுமையாகும் என்று யாராவது அம்மாவுக்கு போன் செய்தால் கட்டவேண்டாம். சீட்டுப் புத்தகத்தை ஒரிஜினலாக யாரிடமும் கொடுக்கவும் வேண்டாம், நகல் மட்டும். கடையின் செல்போன் ஆப் இன்னும் திறக்கிறது என்றால், அதில் அம்மா பெயரில் காட்டும் தவணைகளை எல்லாம் இன்றிரவே படம் எடுத்து வைத்துவிடுங்கள். கடைக்கு அடுத்து மூடப்போவது அதுதான்.